தாய்மாமனிடம் கேட்ட கேள்வி

ஸ்டேஷன் வாசற்படியில் நாலு ஜோடிச் செருப்பு கிடந்தது. நாலும் ஊதா நிறம், நாலும் ஒரே கம்பெனி, நாலும் கடையிலிருந்து வந்து ஒரு நாள்கூட ஆகாதவை. ஸ்டேஷனுக்குள் செருப்போடு வரக்கூடாது என்று நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் பயத்தில் தாங்களாகவே கழற்றிப் போட்டுவிட்டு வருவார்கள். நான் அந்தச் செருப்புகளைத் தாண்டித்தான் உள்ளே போனேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பின்னாலேயே வந்த எங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா படியிலேயே நின்றுவிட்டார். குனிந்து ஒரு செருப்பை எடுத்துத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். "நாலு பிள்ளைகளுக்கும் ஒரே கடையில செருப்பு எடுத்துக் குடுத்த புண்ணியவான் யாருட்டி உள்ள இருக்கான்?" என்று என்னைக் கேட்டார்.

உள்ளே பெஞ்சில் இருந்தவன் வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, பெண் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்ததால் கண்டக்டர் சந்தேகப்பட்டு இறக்கிவிட்ட கூட்டம் அது. மயங்கிய பிள்ளைக்குத் தான் தாய்மாமன் என்றும், மற்ற மூன்றும் அவள் சிநேகிதிகள் என்றும், எல்லோரும் கோயிலுக்குப் போவதாகவும் சொன்னான். இன்ஸ்பெக்டர் அம்மா அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சொந்தக்காரரிடம் பேசுவது போலப் பேச்சுக் கொடுத்தார். "பிள்ள சடங்குக்கு நீருதான மாமன் சீர் கொண்டு வந்தீரு?" "ஆமாம்மா." "சடங்கு வீட்டுல என்ன சண்டை?" "சண்டையா? அதெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா. எல்லாம் நல்லபடியா நடந்துச்சு." அம்மா சிரித்தபடி எழுந்தார். "இவன உள்ள வைங்க" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பெரியவளானால் நடத்தும் சடங்கில் தாய்மாமன்தான் ராஜா. அவர் சேலையும் மாலையும் தாம்பாளத்தில் கொண்டுவர வேண்டும், அவர் மாலை போட்ட பிறகுதான் பிள்ளை மணையில் உட்காரலாம். ராஜா என்றால் கோபமும் இருக்கத்தானே செய்யும்? பத்திரிகையில் பேர் கீழே வந்துவிட்டது, கொட்டுக்காரன் எதிர்கொண்டு அழைக்கவில்லை, பந்தியில் முதல் இலை போடவில்லை என்று எதையாவது பிடித்துக்கொண்டு முறுக்காத தாய்மாமன் எங்கள் சீமையில் பிறக்கவே இல்லை. அந்தச் சண்டை குடும்பத்தின் சொத்து. மாமனும் மறக்க மாட்டார், பிள்ளையும் மறக்காது. கடனுக்கு மாமன் வேஷம் போட்டு வருகிறவனுக்குச் சேலையின் நிறம்கூடச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள், சண்டையைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அம்மா கண்டுபிடித்த வழி அது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. மாமனிடம் தனியாக, பிள்ளையிடம் தனியாகக் கேட்பார். இரண்டு சண்டையும் ஒத்துப்போனால் அனுப்புவார், ஒத்துப்போகாவிட்டால் அவ்வளவுதான்.

கோவில்பட்டிக்குப் போகிற பஸ்கள் பத்து நிமிஷம் நின்று போகும் ஒரு கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. பெயர் வேண்டாம். நான் அங்கே கான்ஸ்டபிள். அம்மா வருவதற்கு முன்னால் எங்களுக்கெல்லாம் பெண் பிள்ளை காணவில்லை என்று யாராவது வந்து நின்றால் ஒரே கேள்விதான் தெரியும்: "எந்தப் பயகூட?" பையனைத் தேடுவோம், பையன் என்ன சாதி என்று தேடுவோம், இரண்டு ஊருக்கும் வெட்டுக்குத்து வந்துவிடக் கூடாதே என்று அதில்தான் எங்கள் புத்தி ஓடும். எந்தப் பயலோடும் போகாமல், ஊரே பார்க்க, அம்மாக்காரி பூ வைத்து அனுப்பி, பட்டப்பகலில் பஸ் ஏறிப் போன பிள்ளைகளைப் பற்றி யாரும் எங்களிடம் புகார் கொடுத்ததும் இல்லை, நாங்கள் தேடியதும் இல்லை. மழை ஏமாற்றின வருஷங்களில் அப்படிப் பத்து இருபது போகும். மில்லுக்கு, மீன் கம்பெனிக்கு, வீட்டு வேலைக்கு என்று போகும். சிலது தீபாவளிக்கு வரும். சிலது எப்போதும் வராது. அம்மா வந்துதான் கண்டக்டர்களையும் டீக்கடைக்காரரையும் பஸ் நிற்கிற இடத்தில் பூ விற்கிறவளையும் பிடித்துவைத்து, "அழுதுகிட்டே போற பிள்ளையப் பாத்தா எனக்கு ஒரு போனு" என்று சொல்லிவைத்தார். பிள்ளை பிடிக்கிறவன் சாக்கைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். "முறை சொல்லிக்கிட்டு வருவாம்ட்டி, இனிப்பு வாங்கிட்டு வருவான்" என்று அம்மா சொல்வார். இப்படி ஏழெட்டுப் பேரைப் பிடித்தோம். பேப்பரில் ஒரு தடவை போட்டோகூட வந்தது. எனக்கும் பெருமைதான். எஸ்.பி. ஆபீஸ் கூட்டத்தில் மற்ற ஸ்டேஷன்காரர்கள் அம்மாவிடம் வந்து, "அந்தச் சடங்குக் கேள்வி என்னதும்மா?" என்று கேட்பார்கள்.

அதனால்தான் அந்த மாசி மாதப் பகலில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. உளுந்து பாதி முளைத்தும் முளைக்காமலும் கருகிப்போன வருஷம் அது. பூக்காரி போன் பண்ணினாள்: எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு பிள்ளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறது, பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறான். நான்தான் போய் இருவரையும் இறக்கிக் கூட்டிவந்தேன். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்து மூன்று மாதம். மெலிந்த உடம்பு, நீளமான விரல்கள், தீப்பெட்டி ஆபீஸில் சின்ன வயதிலிருந்தே வேலை பார்த்த வேகம் அந்த விரல்களில் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தபோதுகூட அவை சும்மா இருக்கவில்லை, பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தன. அப்பா இறந்து இரண்டு வருஷம். வீட்டில் அம்மாவும் எட்டாம் வகுப்புப் படிக்கும் தங்கையும். கூட வந்தவன் தாய்மாமன் என்றான். மேற்கே ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான். ஏன் அழுகிறாள் என்றதற்கு, "மொத தடவ வீட்ட விட்டுப் போறா, அழத்தானம்மா செய்வா" என்றான்.

அம்மா வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டார். சடங்கு வீட்டுச் சண்டையைக் கேட்டதுதான் தாமதம், அந்த மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டதே பாருங்கள்! "அத ஏம்மா கேக்குதீங்க! மண்டபத்து வாசல்ல போர்டு வச்சிருக்காவ, அதுல அத்தான் வகையறா படமெல்லாம் மேல, என் படம் கீழ ஒரு மூலைல. நான் தாம்பாளத்த நடு ரோட்டுல வச்சுட்டு வேப்பமரத்தடில உக்காந்துட்டேன்." அம்மா என்னைப் பார்த்தார். நான் அடுத்த அறைக்குப் போய்ப் பிள்ளையிடம் கேட்டேன். அழுத முகத்தோடு அப்படியே ஒப்பித்தாள்: "மாமா தாம்பாளத்த ரோட்டுல வச்சுட்டு மரத்தடில உக்காந்துட்டாவ. எங்கப்பா போய்க் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாவ." அப்பா என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. அவளுடைய அம்மாவுக்குப் போன் போட்டோம். "ஆமாம்மா, என் கூடப்பொறந்தவன்தான், நான்தான் அனுப்பி வச்சேன்" என்றாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஒரிஜினல் மாமன் ஒருத்தன இன்னைக்குத்தாம்ட்டி பாக்கேன்" என்று சொல்லி அந்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். விசாரித்துத் திருப்தி அடைந்து தாய்மாமனுடன் அனுப்பிவைக்கப்பட்டது என்று அம்மா தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட என்னைத்தான் அனுப்பினார். பஸ் நிற்கிற இடத்தில் அந்த ஆள் பீடி வாங்கப் பெட்டிக்கடைக்குப் போனான். பிள்ளை என் பக்கத்தில் நின்றாள். கடையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, நான் போவணுமா?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் தெளிவாகக் கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "இது என்னட்டி கேள்வி? சொந்தத் தாய்மாமன்கூடப் போறதுக்கு என்ன பயம்? பேயா பிசாசா அவரு?" என்றேன். அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை. பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் அங்கேயே நின்று கையசைத்துவிட்டு, வீட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினேன்.

ஏழு மாதம் கழித்து, ஒரு புரட்டாசிக் காலையில் மேற்கு மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றிலிருந்து ஸ்டேஷனுக்குப் போன் வந்தது. பேசியது ஒரு நர்ஸ். நூல் மில்லில் மிஷினில் கை மாட்டிய ஒரு பெண்ணைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், வலது கையில் மூன்று விரல் போய்விட்டது, கூட வந்த ஹாஸ்டல் வார்டன் பேசவே விடவில்லை. கட்டுப் போடும் சாக்கில் வார்டனை வெளியே அனுப்பிவிட்டு, யார்கூட வந்தாய் என்று கேட்டால், உங்கள் ஸ்டேஷன் பெயரைச் சொல்கிறாள். "போலீஸ்தான் அனுப்பி வச்சாங்கன்னு சொல்றா. என்னம்மா, நெசமா?" என்று நர்ஸ் கேட்டார். போனை எடுத்தது நான்தான். ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கேட்டுவிட்டு, "ஆமா, நாங்கதான் அனுப்பினோம். இப்ப வாரோம்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஜீப்பில் ஆறு மணி நேரப் பயணம். ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை எங்கள் காக்கியைப் பார்த்ததும் கட்டிலின் மறுபக்கம் ஒண்டிக்கொண்டாள். நர்ஸ் வந்து கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் பேச்சு வந்தது. மாமன்தான் அந்த மில்லுக்கு ஆள் பிடிக்கிறவன். சொந்தக்காரப் பிள்ளைகளாகப் பார்த்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். "நீ வரல்லன்னா உன் தங்கச்சியக் கூட்டிட்டுப் போவேன், பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போடச் சொல்லு" என்று மிரட்டித்தான் இவளைக் கிளப்பியிருக்கிறான். மில்லில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஹாஸ்டலுக்கு வெளிப்பூட்டு, வீட்டுக்குப் பேசினால் வார்டன் பக்கத்தில் நிற்பாள். கண்ணசந்தால் முகத்தில் தண்ணீரை ஊற்றி நிறுத்துவார்களாம். அப்படித் தண்ணீர் ஊற்றி நிறுத்திய ஒரு நாளில்தான் கை உள்ளே போயிருக்கிறது. இதையெல்லாம் அவள் ஏதோ மழை பெய்ததைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு வந்தாள். அம்மா ஒரு இடத்தில்தான் குறுக்கே பேசினார். "தப்பிச்சு ஓட வழியே இல்லையாட்டி?" என்றார்.

"ஒரு தடவ ஓடினேம்மா" என்றாள். "ஆனி மாசம். காய்கறி வண்டி வந்தப்ப கேட்டு தொறந்திருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியில போலீஸ் ஸ்டேஷன் இருந்துச்சு. வாசல்ல உங்கள மாதிரி ரெண்டு அக்கா நின்னாவ. உள்ள போகல்ல. போலீஸ்தான என்ன அனுப்புனாவ, திரும்பவும் அனுப்பத்தான செய்வாவன்னு தாண்டி ஓடிட்டேன். பஸ் ஸ்டாண்டுல வச்சு மில்லுக்காரவிய என்னப் புடிச்சுட்டாவ." அம்மா எழுந்து வராண்டாவுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாமனா மாமனான்னு கேட்டேன். மாமந்தான். அதுக்கு மேல நான் என்னத்தக் கேட்டேன்? உனக்குப் போக மனசு இருக்காட்டின்னு ஒரு வார்த்த கேட்டேனா?" என்றார். பிறகு திரும்பி, "உங்கிட்ட ஏதாவது கேட்டாளா?" என்றார். நான் மறைக்கவில்லை. அப்போது மறைக்கவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் நடந்ததைச் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. "கோர்ட்டுல இதச் சொல்லு. நான் கேக்காம விட்டத நான் சொல்லுதேன். ரெண்டும் சேந்தாத்தான் அவளுக்குக் கேஸ் நிக்கும்" என்றார்.

மாமன் மேல் கேஸ் பதிவானபோது தெரிந்தது, அம்மா சொன்னது உண்மைதான். பதினெட்டு முடிந்த பெண், தன் விருப்பத்தோடு, பெற்ற தாய் அனுப்ப, சொந்த மாமனோடு வேலைக்குப் போனாள் என்பதுதான் எதிர்த்தரப்பின் ஒரே பிடி. போலீஸே விசாரித்து அனுப்பியது என்று எங்கள் காகிதமே அவர்கள் கையில் இருந்தது. தாய்க்காரியோ தம்பிக்கு எதிராக வாய் திறக்க மாட்டேன் என்றுவிட்டாள். "கூடப்பொறந்தவன ஜெயிலுக்கு அனுப்பிட்டு நாளைக்குச் சின்னவ கல்யாணத்துக்கு யார மாமன் முறைக்கு நிறுத்துவேன்?" என்று என்னிடமே கேட்டாள். மூன்று விரல் போன மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டாள். அந்தப் பிள்ளை மில்லுக்குப் போவதற்கு முன்னால், தனக்கு இஷ்டமில்லை என்று வெளிக்காட்டியதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி நான்தான்.

கேஸை விசாரித்த மேலதிகாரி ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். "பிரமோஷன் லிஸ்ட்ல உங்க பேர் இருக்கு. ஒரு பொண்ணு போக மாட்டேன்னு சொல்லியும் நீங்க பஸ் ஏத்தி விட்டதா நீங்களே சொன்னா, என்னால மெமோ குடுக்காம இருக்க முடியாது. ஞாபகம் இல்லைன்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, பாத்துக்கோங்க" என்றார். தேன் தடவித்தான் பேசினார். எனக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரருக்கு நிலையான வேலை கிடையாது என்றெல்லாம் இங்கே எழுதலாம். எழுதினால் படிக்கிறவர்கள் ஐயோ பாவம் என்பீர்கள். வேண்டாம். அம்மாவுக்கும்தான் குடும்பம் இருந்தது, டி.எஸ்.பி. ஆகிற வயதும் சர்வீஸும் இருந்தது. நான் பயந்தேன், அவர் பயப்படவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் வித்தியாசம் அவ்வளவுதான்.

கோர்ட்டில் அம்மா எனக்கு முன்னால் கூண்டேறினார். எதிர்த்தரப்பு வக்கீல், "நீங்கள் விசாரித்து, திருப்தி அடைந்து, உங்கள் கையாலேயே எழுதி அனுப்பிவைத்தீர்கள், சரிதானே?" என்றார். "சரி. தப்பாக விசாரித்தேன்" என்றார் அம்மா. "அந்த ஆள் யார் என்று கேட்டேன். அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. என் தப்பால் அவள் கை போயிருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்." டைப் அடிக்கிறவர்கூட நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பஸ் நிற்கிற இடத்தில் அந்தப் பெண் உங்களிடம் ஏதாவது சொன்னாளா என்று அரசு வக்கீல் கேட்டார். அந்தப் பிள்ளை முதல் பெஞ்சில் இருந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். சொல்லுங்கக்கா, என்று தைரியம் சொல்கிற மாதிரி ஆட்டினாள். எனக்கு! அவள் எனக்குத் தைரியம் சொன்னாள்!

"ஞாபகம் இல்லை" என்றேன்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றேன். அம்மா என்னிடம் வந்தார். செவிட்டில் ஒன்று விடுவார் என்று நினைத்தேன். விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "சாப்பிட்டியாட்டி?" என்றார். இல்லை என்றேன். "போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, காதருகே குனிந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் அதற்குள் நடந்துவிட்டேன். என்னைப் பற்றித்தான் பேசுகிறார், நான் துணிந்து பொய் சொன்னதைச் சொல்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பல வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சந்தேகத்தின் பலனை மாமனுக்குக் கொடுத்து விடுதலை செய்தார்கள். மில்காரர்கள் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அம்மாவுக்கு மெமோ வந்தது, எங்கோ கண்காணாத இடத்துக்கு மாற்றல் வந்தது, இன்ஸ்பெக்டராகவே ரிட்டயர் ஆனார். எனக்கு அந்த வருஷமே பிரமோஷன் வந்தது. ஸ்டேஷனில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கு நான் ஸ்பெஷல் சப்-இன்ஸ்பெக்டர். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஆள் கடத்தலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று வகுப்பு எடுப்பதற்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் படிவம் இருக்கிறது, சுவர் முழுக்கப் போஸ்டர் இருக்கிறது. நான் நன்றாகவே எடுப்பேன். கூட வந்தவனை வெளியே அனுப்புங்கள், அம்மாக்காரி போனில் சொல்வதை நம்பாதீர்கள், பெண்ணைத் தனியாக உட்காரவைத்து முதலில் தண்ணீர் கொடுங்கள், "நீ போவணுமா வேண்டாமா, நீ சொல்லுததுதான்" என்று கேளுங்கள் என்பேன். இந்தக் கேள்வியை நான் சொல்லும் தோரணையைப் பார்த்துப் புதுப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். ஒருத்தி, "மேடம், உங்க அனுபவத்துல இருந்து வந்த கேள்வியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

போன மாதம் இன்ஸ்பெக்டர் அம்மா இறந்துவிட்டார். கழுகுமலைப் பக்கம் அவருடைய சொந்த ஊருக்குத் துட்டி கேட்கப் போனேன். அவரை நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ரிட்டயர் ஆன பிறகு இரண்டு தடவை போன் பண்ணினார், இரண்டு தடவையும் நான் எடுக்கவில்லை. வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கூட்டத்துக்குக் காப்பி கொடுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இடது கையில் தட்டைப் பிடித்து, வலது கையின் மீதி இரண்டு விரலால் தம்ளரை எடுத்து நீட்டினாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். எனக்கு முன்னால் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அக்கா! எப்படி இருக்கீங்க?" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்து ஓடத் தோன்றியது.

அவளே பேசிக்கொண்டிருந்தாள். புதியம்புத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாளாம், இடது கையால் கத்திரி பிடிக்கப் பழகிவிட்டாளாம். தங்கையை இன்ஸ்பெக்டர் அம்மா தன் பொறுப்பில் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தாராம், அவள் இப்போது காலேஜ் முடித்துவிட்டாளாம். "எனக்குக் கல்யாணம் பேசுனாவக்கா. மாமன் முறைக்கு அவரு வந்து நிக்கணும்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்னுட்டேன். எங்கம்மா அதோட எங்கிட்டப் பேச்சு வார்த்த கிடையாது" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னைக்குக் கோர்ட்டுல நீங்க ஞாபகம் இல்லன்னதும் எனக்கு ஆங்காரமா வந்துச்சுக்கா. நாசமாப் போவான்னு வைஞ்சேன், உங்கள. இன்ஸ்பெக்டர் அம்மாதான் வெளிய வச்சுச் சொன்னாவ. 'அவ பொய் சொல்லுத பிள்ள இல்லட்டி. நெசமாவே மறந்திருக்கும். ஒரு நாளைக்கு எத்தன பேரப் பாக்கா? நான் அவகிட்ட நல்லாக் கேட்டுட்டேன், அவளுக்கு ஞாபகம் இல்ல' அப்படின்னாவ. அம்மா சொன்னா சரியாத்தான இருக்கும்? அதுக்கு அப்புறந்தான் எனக்கு மனசு ஆறுச்சு. போலீஸ்ல ஒருத்தராவது வேணும்னு எனக்குக் கெடுதல் பண்ணல்லன்னு."

உண்மையைச் சொல்லித் தன் உத்தியோகத்தைக் கெடுத்துக்கொண்ட மனுஷி, அதே நாளில், அதே மரத்தடியில், எனக்காக ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறார். எனக்காகவா? இல்லை. இரண்டு தடவை போலீஸால் கெட்டவள் மூன்றாவது தடவை எந்த ஸ்டேஷனையும் தாண்டி ஓடிவிடக் கூடாதே என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துட்டி வீட்டில் அழுதால் யாருக்குச் சந்தேகம் வரும்? அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இரண்டு விரல்களால்தான் பிடித்தாள். "இப்பவாவது ஞாபகம் வந்துச்சாக்கா? பஸ் வாரதுக்கு முன்னால, அவரு கடைக்குப் போனப்ப, நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்" என்றாள்.

கேஸ் முடிந்து போயிருந்தது. பிரமோஷன் வந்து போயிருந்தது. மெமோ கொடுக்க யாரும் இல்லை. எதிரே அம்மாவின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றி வைத்திருந்தார்கள்.

"இல்லட்டி" என்றேன்.

"போட்டும்க்கா, வருத்தப்படாதீங்க. காப்பி ஆறுது பாருங்க" என்று தம்ளரை என் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.